இரவு ஏழு முதல் காலை ஏழு வரை: எமது கரையின் தாதியர் வரலாறு

திருகோணமலையின் வரலாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கோணேசர் கோயில், பிரட்ரிக் கோட்டை, இயற்கைத் துறைமுகம், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். இவற்றுக்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. இந்தத் துறைமுகத்துக்கு வந்த கடற்படைத் தளபதிகளின் பெயர்கள்கூட எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் காயப்பட்டும், காய்ச்சலில் விழுந்தும், பிள்ளைப்பேற்றில் அவதிப்பட்டும் இந்தக் கரைக்கு வந்தவர்களின் தலைமாட்டில் விடியும்வரை நின்றவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நம்மிடம் இல்லை. அவர்களைத்தான் நாம் 'மிஸ்' என்று கூப்பிடுகிறோம். அரசாங்கக் கடிதத்தில் அவர்கள் தாதிய உத்தியோகத்தர்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளியைத் தொட முடியாமல் போகும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் நமது பாடசாலைகளில் இருக்கிறார்கள். தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தல் வரும்போது அதை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறோம். பிள்ளை ஆசையோடு வந்து கேட்கும். இரண்டு நாள் கழித்து வாப்பாவோ உம்மாவோ வருவார்கள். "சேர், டீச்சிங் என்றால் பரவாயில்லை. நர்ஸ் வேலை நமக்குச் சரிவராது" என்பார்கள். இரவு வேலை, தூர ஊர், ஆண் நோயாளர், உடை என்று காரணங்கள் வரிசையாக வரும். அந்தக் கவலைகள் பொய்யானவை அல்ல. ஆனால் அந்தத் தொழில் என்னவென்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

முதலில் சற்றுப் பின்னால் போவோம்.

அகழ் யுத்தம் நடந்த ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், மதீனாப் பள்ளிவாசலில் ஒரு கூடாரம் இருந்தது. அதை நடத்தியவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருபைதா என்ற பெண்மணி. அம்பு பட்டுக் கையில் இரத்தம் ஓடிய ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை அந்தக் கூடாரத்துக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. காயம்பட்ட ஆணுக்குப் பெண் மருந்து கட்டுவது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு நாம் இந்த ஒரு கூடாரத்தைக் காட்டினால் போதும்.

நவீன தாதியியலின் கதையும் துருக்கிய மண்ணில்தான் திருப்பம் கண்டது. 1854இல் கிரைமியப் போரின்போது புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே படையினர் வெடிகுண்டில் இறந்ததைவிட நோயில் இறந்ததே அதிகம். அதைக் கணக்கெடுத்து, படமாக வரைந்து, ஆட்சியாளர்களின் கண்முன் வைத்தவர் அவர். 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் ஒரு பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. தாதித் தொழில் படித்துச் செய்யவேண்டிய தொழில் என்ற எண்ணம் உலகத்தில் வேரூன்றியது அதன் பிறகுதான்.

அந்த எண்ணம் இலங்கைக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. கொழும்புப் பொது வைத்தியசாலை 1864இல் திறக்கப்பட்டது. அக்காலத் தலைமை சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த டொக்டர் கின்ஸியின் முயற்சியால் 1878இல் அங்கே தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. மறு ஆண்டு, 1879இல், டி சொய்சா மகப்பேற்று இல்லம் வந்தது. 1886இல் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் வந்து வார்ட்டுகளைப் பொறுப்பேற்றார்கள். வார்ட் பொறுப்பாளரை இன்றும் நாம் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோம். முஸ்லிம் பெண் அந்தப் பதவிக்கு வந்தாலும் சிஸ்டர்தான். அந்தச் சொல்லில் பழைய மடங்களின் வாசனை இன்னும் இருக்கிறது.

தமிழ்ப் பகுதிகளில் கதை கொஞ்சம் வேறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மகப்பேறு பற்றிய ஆங்கில நூலையும் அவர் தமிழாக்கினார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியர் முன் வரத் தயங்கிய பெண்களுக்காகப் பெண்களே நடத்திய வைத்தியசாலை அது. இன்று நமது ஊர்களில் நாம் பேசும் அதே தயக்கம் நூற்றாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து இந்து வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, தங்கள் பெண்பிள்ளைகளைப் படிப்பித்து உள்ளே அனுப்புவது.

1939இல் கொழும்பில் முறையான தாதியர் கல்லூரி அமைந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இந்த இரண்டாவது நிகழ்ச்சி தாதியர் வரலாற்றில் முதலாவதைவிடப் பெரியது என்பது ஆசிரியர்களாகிய எமது கருத்து. ஏனென்றால் மீனவர் வீட்டுப் பெண்ணும், உப்பளத் தொழிலாளியின் மகளும் விஞ்ஞானம் படித்து வெள்ளைச் சீருடை அணிய வழி திறந்தது அங்கேதான். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30ஐ அண்டி நிற்கிறது. அந்த வீழ்ச்சிக்குப் பின்னால் பெரிய இயந்திரங்கள் இருந்ததில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், படலை படலையாகப் போன மருத்துவமாதரும், இரவிரவாக விழித்திருந்த தாதியரும்தான் இருந்தார்கள்.

இனி எமது துறைமுகத்துக்கு வருவோம்.

கப்பல் வரும் ஊருக்கு நோயும் காயமும் சேர்ந்தே வரும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின் கடற்படைத் தளபதியாக இருந்தவர். 1852இல் பர்மாவில் கொலரா கண்டு இறந்தார். அவரை அடக்கியது திருகோணமலையில். தளபதிக்கே இந்தக் கதி என்றால் சாதாரணக் கப்பலோட்டியின் கதி என்ன?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தப் பக்கமாக வந்த 'வீட்டா' என்ற வைத்தியக் கப்பல், எண்ணெயும் இரத்தமும் கலந்த தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. ஹேர்மிஸ் பற்றி இன்றும் சுழியோடிகள் பேசுகிறார்கள். வீட்டாவின் தளத்தில் எண்ணெய் குடித்து வாந்தியெடுத்தவர்களைத் துடைத்தெடுத்தவர்கள் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான் போகிறது.

ஒரு தாதி எப்படி உருவாகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி மூன்று வருடம். அரசாங்கம் மாதாந்தம் கொடுப்பனவு தருகிறது. எமது பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்லூரிகள் உண்டு. விடுதி வாழ்க்கை. உடற்கூறு, மருந்தியல், நுண்ணுயிரியல் என்று பாடங்கள். அதோடு வார்ட் பயிற்சி. முதல் வேலை பெரும்பாலும் ஊசி போடுவதல்ல. கட்டில் விரிப்பது, உடல் துடைப்பது, காய்ச்சல் பார்ப்பது, சிறுநீர் அளப்பது. பல பிள்ளைகள் முதல் மாதத்திலேயே அழுவது இந்த இடத்தில்தான். 'உயர்தரம் படித்தது இதற்கா?' என்று தோன்றும். ஆனால் நோயாளியின் முதுகைத் துடைக்கும்போதுதான் படுக்கைப்புண் தொடங்குவது கண்ணில் படும். சிறுநீரை அளக்கும்போதுதான் சிறுநீரகம் தளர்வது தெரியும். வைத்தியர் ஐந்து நிமிடம் பார்ப்பதைத் தாதி ஐந்து மணித்தியாலம் பார்க்கிறார். அந்தப் பார்வையைப் பழக்குவதற்குத்தான் அந்த மூன்று வருடம்.

வேலை நேரம் மூன்றாகப் பிரியும். காலை ஏழிலிருந்து பகல் ஒன்று. ஒன்றிலிருந்து மாலை ஏழு. பிறகு இரவு ஏழிலிருந்து காலை ஏழு. இரவுக் கடமை பன்னிரண்டு மணித்தியாலம் என்பதை நம்மில் பலர் அறியோம். நிறைந்த வார்ட்டில் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டிக்கட். கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், கையொப்பம். ஒரு எழுத்துப் பிழைத்தால் ஒரு உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் அடுத்த குழுவிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வேலை காத்திருக்கும்.

முதல் மரணமும் அந்தப் பயிற்சிக் காலத்திலேயே வந்துவிடும். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடலை நேராக்கி, குடும்பத்தாரிடம் சொல்லவேண்டிய முறையில் சொல்ல வேண்டும். ஜனாஸாவைத் தாமதிக்காமல் கொண்டுபோக வேண்டும் என்று நமது ஆட்கள் அவசரப்படும்போது, கையொப்பத்துக்காக மாடிப்படி ஏறி இறங்குபவரும் அந்தத் தாதிதான். அவர் எந்த இனத்தவர் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

முதல் நியமனம் பெரும்பாலும் சொந்த ஊரில் கிடைக்காது. எமது மாவட்டம் மூன்று சமூகமும் வாழும் மாவட்டம் என்பதால் இங்கே முதல் நியமனத்தில் வருகிறவருக்கு மொழியும் ஒரு பாடம். தெற்கிலிருந்து வரும் சிங்களத் தாதி 'நோவுதா', 'எங்க வலி', 'மூச்சு இழுங்க' என்று தொடங்கி, இரண்டு வருடத்தில் நமது கிழவிகளோடு மருமகள்போலக் கதைப்பார். கந்தளாய்க்குப் போன தமிழ், முஸ்லிம் தாதியர் அதேபோலச் சிங்களம் பிடித்துக்கொள்வார்கள். அரச மொழிக் கொள்கை காகிதத்தில் கிடந்த காலத்திலும் வார்ட்டில் அது நடைமுறையில் இருந்தது. நோவுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

பாதையும் ஒரு பாடம். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவுக்கு வேலைக்குப் போன தாதியர் பாதையைக் காத்துக் கரையில் நின்றார்கள். மூதூருக்குப் போனவர்கள் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்தார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

யுத்தம் இந்தத் தொழிலைச் சும்மா விடவில்லை. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து சுட்டபோது கொல்லப்பட்ட ஊழியர் 21 பேர். வைத்தியர்களோடு தாதியரும் அதில் அடக்கம். கடமையில் இருந்தவர்கள் கடமையிலேயே இறந்தார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது பல்லாயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் நமது ஆட்கள், கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அதே மாதத்தில்தான் அங்கே 17 தொண்டு ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களிலும் மாவட்டத்தின் வைத்தியசாலைகளில் இரவு ஏழு மணிக்கு ஆள் மாறியது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. விடுமுறை நாள் என்பதால் எங்கும் குறைந்த ஆட்களே கடமையில். காலையில் கடல் வந்தது. நிலாவெளிக் கரை துடைத்தெடுக்கப்பட்டது. கிண்ணியாவில் கரையோரம் இருந்த வைத்தியசாலையே அலையில் சிதைந்தது. நோயாளர் கட்டிலோடு அள்ளுண்டார்கள். காயப்பட்டவர்களை வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோவோம். வைத்தியசாலையே காயப்பட்டால் எங்கே போவது? அன்று நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் போனார்கள். தன் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரியாமலேயே அடுத்தவரின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்த தாதியர் கிழக்குக் கரை முழுவதும் இருந்தார்கள். எமது பிரதேசத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல்கூட இல்லை.

2009 பெப்ரவரியில் மீண்டும் ஒரு கப்பல். வன்னியின் கடைசி நிலப்பரப்பில் சிக்கியிருந்த காயக்காரரை, புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல் வழியாக ஏற்றத் தொடங்கியது. முதல் பயணம் பெப்ரவரி 10இல். 'கிறீன் ஓஷன்' என்ற அந்தக் கப்பல் வந்து நின்றது திருகோணமலையில். பின்னர் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவின் கள வைத்தியசாலை அமைக்கப்பட்டு, கப்பல்கள் அங்கே வந்தன. மே 9 வரை நோயாளரும் காயப்பட்டவர்களும் துணைக்கு வந்தவர்களுமாக 13,000க்கும் அதிகமானோர் அப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். கை இழந்த பிள்ளை, கால் இழந்த தாய், பெயர் சொல்லத் தெரியாத குழந்தை. வார்ட் நிரம்பி, நடைபாதை நிரம்பி, பலர் வேறு மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்த மூன்று மாதத்தில் திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் கடமையாற்றியவர்களில் பலர் அப்போதுதான் நியமனம் பெற்ற இளம் பிள்ளைகள். புத்தகத்தில் படித்த காயத்துக்கும் அந்தக் காயத்துக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. அவர்களில் தமிழர் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள், சிங்களவர் இருந்தார்கள். வெளியே நாடு வெற்றி தோல்வி பேசிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று மொழியிலும் ஒரே வேலை நடந்தது. இந்த மாவட்டத்தின் சமூக ஒற்றுமைக்கு யாராவது சான்று கேட்டால், மேடைப் பேச்சை விட்டுவிட்டு அந்த வார்ட்டுகளின் கடமைப் பட்டியலைக் காட்டலாம்.

2017 மார்ச்சில் டெங்கு. நாடு முழுவதும் அந்த ஆண்டில் 186,000க்கும் அதிகமான நோயாளர். முதலில் பற்றி எரிந்த இடங்களில் ஒன்று எமது கிண்ணியா. பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு கட்டிலில் இருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர். டெங்குவுக்கு மருந்து இல்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் வைத்தியசாலை எதைக் கொண்டு காப்பாற்றுகிறது? காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கட்டத்தில் மணிக்கு மணி நாடி, அமுக்கம், சிறுநீர் அளவு பார்த்து, சேலைன் துளிகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைந்தால் அதிர்ச்சி, கூடினால் நுரையீரலில் நீர். அந்த மெல்லிய கோட்டில் பிள்ளையை நடத்திக்கொண்டு போவது பெரும்பாலும் தாதியின் கடிகாரமும் பேனையும்தான். அன்று பிழைத்த பிள்ளைகள் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள்.

பிறகு கொரோனா. உறவினர் அருகில் வர முடியாத வார்ட்டுகளில் கடைசியாக முகம் பார்த்தவர்கள் தாதியர். அதன் பிறகு 2022. எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்திலேயே பெற்றோலுக்கு வரிசை. இரவுக் கடமைக்குப் போக பஸ் இல்லை. வார்ட்டில் மருந்து இல்லை. அந்த ஆண்டு அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதி கிடைத்தது. போனவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கும் கடன், அவர்களுக்கும் பிள்ளைகள். ஆனால் அவர்கள் விட்டுப்போன கட்டில்கள் காலியாகவில்லை. அதே நோயாளர், குறைந்த கைகள்.

ஆகவேதான் மீண்டும் அந்த அறிவித்தல் பலகைக்கு வருகிறோம்.

நமது மகளுக்குப் பிரசவ வலி வந்தால் வாசலில் நின்று முதலில் கேட்பது என்ன? "பொம்புள டொக்டர் இருக்கிறாங்களா? நம்மட ஆள் மிஸ் யாரும் இருக்கிறாங்களா?" இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். அந்த மிஸ் வானத்திலிருந்து இறங்கியவர் அல்ல. ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளை விடுதிக்கு அனுப்பிய ஒரு வாப்பா எங்கோ இருந்தார். இரவு வேலை கூடாது என்று எல்லா வாப்பாமாரும் சொல்லிவிட்டால், இரவில் வரும் வலிக்கு யார் நிற்பது? நோவு பகலில் மட்டும் வருவதில்லையே.

பாதுகாப்பான போக்குவரத்து, தகுந்த விடுதி, மார்க்க வரம்புக்குள் ஒழுங்கான உடை ஆகியவற்றை நாம் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோரும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். இக்கோரிக்கைகள் பிள்ளையை உள்ளே அனுப்புவதற்கான கோரிக்கைகளாக இருக்கட்டும். தடுப்பதற்கான சாட்டாக ஆகிவிடக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறோம். ஆண் தாதியர் இந்த நாட்டில் நிறைய உண்டு. ஆண் வார்ட்டில் அவர்களுக்கு வேலை குறைவில்லை.

இன்னொரு வேண்டுகோள். எமது பிரதேசத்தில் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கிண்ணியா, மூதூர் என்று ஓய்வுபெற்ற தாதியரும் மருத்துவமாதரும் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள். சுனாமி நாளில் எங்கே நின்றார்கள், கப்பல் வந்த இரவில் என்ன செய்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்று போய்க் கேளுங்கள். உயர்தர மாணவர்கள் செயற்றிட்டத்துக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்களே, இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. அவர்கள் அனுமதித்தால் பதிவுசெய்யுங்கள். திகதியோடு எழுதிவையுங்கள். ஒரு கொப்பி போதும்.

அடுத்த வர்த்தமானி வந்ததும் வழமைபோல ஒட்டுவோம். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படும் பிள்ளைகள் பாடசாலை முடிந்த பிறகு வரலாம். பெற்றோரையும் அழைத்து வாருங்கள். ஆறுதலாக இருந்து பேசுவோம்.